தானே திரும்பும் தகடு: படகின் புரொப்பெல்லரும் மலையகத்தின் நீர்ச்சுழலியும்

இலக்கியமும் சமுதாயமும் பற்றிய ஆய்வுகளுக்கு இடமளிக்கும் ஏடொன்றில் படகின் புரொப்பெல்லரைப் பற்றி ஒரு கட்டுரை இடம்பெறுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயின் கருவிகளின் வரலாறு மனித உழைப்பின் வரலாறேயாகும். கார்ல் மார்க்ஸ் 1867 இல் வெளிவந்த 'மூலதனம்' முதலாம் தொகுதியில், இயந்திரங்களைப் பற்றிய அத்தியாயத்தின் அடிக்குறிப்பொன்றிலே, தொழில்நுட்பத்துக்கு ஒரு விமர்சன வரலாறு இன்னும் எழுதப்படவில்லை என்று குறைப்பட்டுக்கொள்கிறார். அத்தகைய வரலாறு எழுதப்படுமாயின் 18 ஆம் நூற்றாண்டின் கண்டுபிடிப்புக்களுள் தனியொருவருக்கு மாத்திரம் உரியன மிகச் சிலவே என்பது புலனாகும் என்பது அவரது கருத்து. அவர் சுட்டிய பணியின் சிறு கூறொன்றையே இக்கட்டுரை மேற்கொள்கிறது.

எடுத்துக்கொண்ட பொருள், தண்ணீரின் ஓட்டத்துக்கும் இயந்திரத்தின் சுமைக்கும் ஏற்பத் தன் தகடுகளின் சாய்வைத் தானே மாற்றிக்கொள்ளும் புரொப்பெல்லர். அது எவ்வாறு இயங்குகிறது, எவ்வாறு வளர்ந்தது என்பவற்றை முதலில் விளக்கி, பின்னர் இலங்கைக் கரையோர மீனவரது படகுகளையும், வட்டகொடை, தலவாக்கலை போன்ற மலையகத் தோட்டங்களின் நீர்ச்சுழலிகளையும் அதனோடு வைத்து நோக்குவோம். கடலே காணாத மலைநாட்டுக்கும் படகுக்கும் யாது தொடர்பு என்ற வினா எழலாம். இயந்திரம் சுழற்றத் தண்ணீரைத் தள்ளுவது புரொப்பெல்லர். தண்ணீர் தள்ளச் சுழன்று இயந்திரத்தை இயக்குவது டேர்பைன் எனப்படும் நீர்ச்சுழலி. இரண்டும் ஒரே தத்துவத்தின் இரு திசைகள். சுமை மாறும்போது இயந்திரம் தன்னைச் சரிசெய்து கொள்வது எங்ஙனம், அவ்வாறு சரிசெய்து கொள்வது யாருடைய நலனுக்காக என்ற வினாக்களும் இரண்டுக்கும் பொதுவானவை.

1. திருகும் புரியிடைத் தூரமும்

மரத்தில் ஒரு திருகாணியை முறுக்கினால் ஒரு முழுச்சுற்றில் அது குறித்த அளவு தூரம் உள்ளே செல்லும். அத்தூரமே புரியிடைத் தூரம். புரொப்பெல்லரும் ஒரு திருகே. மரத்துக்குப் பதிலாக அது தண்ணீரைத் துளைத்துச் செல்கிறது. தகடு நிமிர்ந்து சாய்ந்திருந்தால் ஒரு சுற்றில் கூடிய தூரம் செல்லும். தட்டையாகச் சாய்ந்திருந்தால் குறைந்த தூரமே செல்லும். ஆனால் தண்ணீர் மரத்தைப் போல இறுகி நில்லாது, நழுவும். புரியிடைத் தூரம் ஓர் அடியாகவுள்ள புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 1,000 முறை சுழன்றால் படகு 1,000 அடி செல்லவேண்டும். உண்மையில் அது 800 அடியே செல்லுமாயின் நழுவல் நூற்றுக்கு 20 எனக் கணக்கிடுவர்.

இந்நழுவல் முழுவதும் குறைபாடன்று. தகடு தண்ணீரைச் சற்றுச் சாய்கோணத்திற் சந்தித்தாலன்றி உந்துவிசை பிறக்காது. அக்கோணம் சில பாகைகளாக இருக்கும்போதே தகடு செவ்வையாகத் தொழிற்படும். ஆனால் அக்கோணத்தைத் தீர்மானிப்பது தகட்டின் சாய்வு மட்டுமன்று. தகடு சுழலும் வேகமும் படகு முன்னேறும் வேகமும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன. வலையை இழுக்கும்போதோ, எதிர்காற்றில் செல்லும்போதோ படகின் வேகம் குறைகிறது. தகடு தண்ணீரைச் சந்திக்கும் கோணம் அளவுக்கு மீறிப் பெரிதாகிறது. இயந்திரம் திணறி, முழுச் சுழற்சியை எட்டமாட்டாது கரும்புகை கக்குகிறது. சுமையின்றிக் காற்றின் துணையோடு ஓடும்போது நிலைமை நேர்மாறாகும். கோணம் சுருங்கித் தகடு தண்ணீரைப் பற்றாது வீணே சுழல்கிறது. இயந்திரம் கட்டுமீறி ஓடுகிறது.

தலவாக்கலையிலிருந்து நுவரெலியாவுக்கு ஏறும் பஸ்ஸை எண்ணிப் பார்க்கலாம். ஏற்றத்தில் ஒரு கியர், சமதரையில் வேறொரு கியர் என்று சாரதி மாற்றிக்கொண்டே செல்கிறார். ஒரே கியர் மட்டுமுள்ள பஸ் ஏற்றத்தில் நின்றுவிடும். அல்லது சமதரையில் ஊர்ந்து செல்லும். தகடுகள் வார்க்கப்பட்டபடியே அசையாது நிற்கும் சாதாரண புரொப்பெல்லர் அத்தகைய ஒற்றைக் கியர் வண்டியாகும். ஏதாவதொரு வேகத்துக்கும் ஒரு சுமைக்குமே அது முற்றாகப் பொருந்தும். ஏனைய வேளைகளில் பொருந்தாமையின் விலை எரிபொருளாகச் செலவாகிறது.

2. கூட்டு உழைப்பின் கண்டுபிடிப்பு

திருகு கொண்டு தண்ணீரை ஏற்றுவது ஆர்க்கிமிடீஸின் பெயரால் வழங்கும் பழைய நுட்பம். அதே திருகால் கப்பலைச் செலுத்தலாம் என்ற எண்ணம் நீராவி இயந்திரம் பரவிய காலத்திற் பலரிடம் ஏககாலத்தில் தோன்றியது. ஜோசப் றெசெல் 1827 இல் உரிமம் பெற்று 1829 இல் திறியெஸ்தே துறைமுகத்தில் 'சிவெத்தா' என்ற கலத்தைச் செலுத்திப் பார்த்தார். 1836 இல் பிரான்சிஸ் பெற்றிற் ஸ்மித், ஜோன் எரிக்சன் ஆகிய இருவரும் இங்கிலாந்தில் தனித்தனியே உரிமம் பெற்றனர். 1845 இல் பிரித்தானியக் கடற்படை, பக்கச் சக்கரம் பூட்டிய 'அலெக்டோ'வையும் திருகு பூட்டிய 'றற்லர்' என்ற கப்பலையும் பின்னோடு பின்னாகக் கட்டி எதிரெதிராக இழுக்கவிட்டது. 'றற்லர்' மற்றதைப் பின்னோக்கி இழுத்துச் சென்றது. யார் முதலிற் கண்டுபிடித்தார் என்ற வழக்குகள் நெடுங்காலம் தொடர்ந்தன. ஒரு காலகட்டத்தின் தேவையும் அக்காலகட்டத்துப் பட்டறைகளில் திரண்ட திறனும் ஒன்றுகூடியபோது பிறந்த கருவிக்குத் தனித் தந்தையைத் தேடுவது வீண் முயற்சியே.

திருகுக் கப்பல் தோன்றிய உடனேயே அதன் குறைபாடும் தெரியவந்தது. அக்காலக் கப்பல்களுக்கு நீராவியும் இருந்தது, பாயும் இருந்தது. பாய் விரித்து ஓடும்போது சுழலாது நிற்கும் புரொப்பெல்லர் தண்ணீரை எதிர்த்துக் கப்பலைத் தடுத்தது. இதனை வெல்ல இரு வழிகள் முன்வைக்கப்பட்டன. ஒன்று, புரொப்பெல்லரையே தண்ணீரிலிருந்து மேலே தூக்கிவிடுவது. 1860 இல் வெள்ளோட்டம் விடப்பட்ட 'வொறியர்' என்ற இரும்புப் போர்க்கப்பலில் நூற்றுக்கணக்கான மாலுமிகள் கயிறிழுத்தே பாரிய புரொப்பெல்லரை மேலே தூக்கினர். மற்றையது, தகடுகளை அச்சில் திருப்பக்கூடியனவாக அமைப்பது. பெனற் வூட்குறொவ்ற் என்பவர் 1844 இல் அத்தகைய அமைப்புக்கு உரிமம் பெற்றார். மலிந்த மனித உழைப்பு ஒரு வழி, நுணுக்கமான இயந்திர அமைப்பு மறுவழி. கைகள் மலிவாகக் கிடைத்தவரையில் முதல்வழியும் செல்லுபடியாயிற்று.

அடுத்த பெரும் முன்னேற்றம் கடலிலன்றி நதியில் நிகழ்ந்தது. பிறுனோ நகரப் பேராசிரியர் விக்ரர் கப்லான் 1910களில், நீரின் அளவு மாறுந்தோறும் சுழலும் தகடுகளின் சாய்வையும் மாற்றக்கூடிய நீர்ச்சுழலியை உருவாக்கினார். 1919 இல் ஒஸ்திரியாவில் வெல்ம் என்ற இடத்தில் அது தொழிற்படத் தொடங்கியது. தண்ணீர் தாழ்ந்த உயரத்திலிருந்து பெருமளவிற் பாயும் சமவெளி நதிகளுக்கு அது மிகவும் ஏற்றது. நீர்ச்சுழலிகள் செய்த சுவிற்சலாந்து நிறுவனமான எஷர் விஸ் அதே அமைப்பைத் திருப்பிப் படகுக்குப் பொருத்தியது. 1934 இல் சூரிச் ஏரியிலே 'எற்செல்' என்ற கலம் அத்தகைய புரொப்பெல்லரோடு ஓடியது. மின்னிலையத்துக்கும் கப்பலுக்குமிடையே நுட்பம் இவ்வாறு கைமாறியமை, புரொப்பெல்லரும் நீர்ச்சுழலியும் ஒரு குடும்பத்தவை என்பதற்குச் சிறந்த சான்றாகும்.

இதற்குச் சமாந்தரமாக நோர்வே, டென்மார்க் ஆகிய நாடுகளின் மீன்பிடிப் படகுகளிலே, கையால் நெம்பியோ சில்லைச் சுழற்றியோ தகடுகளின் சாய்வை மாற்றும் எளிய புரொப்பெல்லர்கள் 20 ஆம் நூற்றாண்டின் தொடக்க காலத்திலிருந்தே வழக்கிலிருந்தன. படகோட்டும் மீனவரே இயந்திரத்தின் வாங்குநராகவும், இயந்திரம் செய்யும் பட்டறை அதே கரையிலும் இருந்தமையால், மீனவரின் தேவை நேரே பட்டறையை எட்டியது. இவ்வுண்மை பின்னர் நாம் கூறவிருப்பதற்கு இன்றியமையாதது.

3. தானே திரும்பும் தகடு

மேற்கூறியவை யாவும் மனிதர் திருப்பத் திரும்பும் தகடுகள். நெம்புகோலோ எண்ணெயமுக்க அமைப்போ அவற்றை இயக்குகிறது. எப்போது, எவ்வளவு திருப்புவது என்பதை ஒருவர் தீர்மானிக்கவேண்டும். தானே திரும்பும் தகட்டில் இவ்விரண்டும் இல்லை.

இதன் முன்னோடிகளைக் காற்றாலைகளிற் காணலாம். 1772 இல் ஸ்கொத்லாந்தின் அன்று மீக்கிள் காற்றாலைச் சிறகுகளில் விற்சுருள் பூட்டிய சிறு கதவுகளை அமைத்தார். பலத்த காற்றடித்தால் அவை தாமே திறந்து காற்றை வெளியே விட்டன. சுழலும் இரு குண்டுகள் விலகுவதாலும் நெருங்குவதாலும் வேகத்தைக் கட்டுப்படுத்தும் 'கவர்னர்' என்ற அமைப்பு காற்றாலையிற் பயன்பட்டதன் பின்னரே 1788 இல் ஜேம்ஸ் வாற்றின் நீராவி இயந்திரத்துக்கு வந்தது. இயந்திரத்தை ஓட்டும் விசையையே அதனைக் கட்டுப்படுத்தவும் பயன்படுத்துவதே இவற்றின் அடிப்படை.

தானே சாய்வை மாற்றும் புரொப்பெல்லரில் ஒவ்வொரு தகடும் குடத்திற் பதித்த தன் அச்சைச் சுற்றித் தடையின்றித் திரும்பும். கட்டுப்படுத்தும் கோலோ வேறு கருவியோ கிடையாது. இரு விசைகள் அத்தகட்டைத் திருப்ப முயல்கின்றன. ஒன்று பாயும் தண்ணீரின் விசை. தண்ணீரின் அழுத்தம் குவியும் இடம் தகட்டின் திருப்பச்சுக்குப் பின்னே அமையுமாறு தகடு வடிவமைக்கப்படுவதால், காற்றுத்திசை காட்டி காற்றின் வழியே திரும்புவது போலத் தகடு ஓட்டத்தின் வழியே திரும்ப முனைகிறது. மற்றையது சுழற்சியால் எழும் மையநீக்க விசை. தகட்டின் நிறை பரந்திருக்கும் முறையினால் அது தகட்டைத் தட்டையாக்க முயல்கிறது. இவ்விரண்டும் சமப்படும் இடத்திலே தகடு நிற்கும்.

இதன் பயன் தெளிவானது. படகு மெதுவாகச் செல்லும்போது, அல்லது சுமை கூடும்போது, பாயும் நீரின் வேகம் குறைகிறது. சுழற்சியின் விசை மேலோங்கித் தகடு தட்டையாகிறது. இயந்திரம் திணறாது சுழல்கிறது. இது ஏற்றத்துக்குரிய சிறு கியர். பாயும் உதவி செய்து படகு விரையும்போது நீரின் விசை மேலோங்குகிறது. தகடு நிமிர்ந்து ஒரு சுற்றில் கூடிய தூரம் செல்கிறது. இயந்திரத்தைக் குறைந்த சுழற்சியில் வைத்தே அதே வேகத்தைப் பெறலாம். இயந்திரத்தை நிறுத்திப் பாயில் மட்டும் ஓடினால் மையநீக்க விசை அறவே இல்லை. தகடு ஓட்டத்தின் வழியே முற்றாக நிமிர்ந்து தண்ணீருக்கு வழிவிடுகிறது. பின்னோக்கிச் செலுத்தினால் தகடு மறுபக்கம் திரும்பி, அதே முன்விளிம்பால் நீரை வெட்டுகிறது.

இங்கிலாந்தின் பிரன்டன்ஸ் நிறுவனம் 'ஓட்டோபுரொப்' என்ற பெயரில் 1980களிலிருந்து இத்தகைய மூன்று தகட்டுப் புரொப்பெல்லர்களைச் செய்து வந்துள்ளது. அவை பெரும்பாலும் சென்று சேர்ந்தது உல்லாசப் பாய்க்கலங்களையே. இதில் வியப்பில்லை. பாயும் இயந்திரமும் சேர்ந்த கலத்துக்கே இவ்வமைப்பு மிகுந்த பயன் தரும். ஐரோப்பிய, அமெரிக்கக் கடற்கரைகளில் அவ்விரண்டையும் வைத்திருந்தவர் ஓய்வுநேரக் கடலோடிகள். 'வொறியர்' கப்பலில் நூற்றுக்கணக்கான மாலுமிகள் கயிறிழுத்துத் தீர்த்த பிரச்சினையை, ஒன்றேகால் நூற்றாண்டின் பின் ஓய்வு நாளிற் கடலுலா செல்பவருக்காகச் சில தகடுகள் ஓசையின்றித் தீர்த்து வைத்தன.

4. இலங்கைக் கரையோரம்

இலங்கையின் மீன்பிடித்துறையில் இயந்திரமயமாக்கம் 1950களில் பரீட்சார்த்தமாகத் தொடங்கி, 1958 இல் மூன்றரைத் தொன் படகுகளின் வருகையோடு வேகம் பெற்றது. வள்ளம், தெப்பம் ஆகியவற்றுக்கு வெளியிணைப்பு இயந்திரங்களும், பின்னர் கண்ணாடியிழைப் படகுகளும் வந்தன. யாழ்ப்பாணக் குடாநாட்டில் 1967 இல் நோர்வேயின் உதவியோடு தோன்றிய 'சீ-நோர்' திட்டம் காரைநகரிற் படகு கட்டும் தளமொன்றை அமைத்தது.

இம்மாற்றத்துக்கு முன் மீனவனே தன் படகின் தானியங்கிக் கருவியாக விளங்கினான் எனலாம். சோழகமா, வாடையா, கச்சானா என்று காற்றின் பெயரறிந்து, அதன் பலமறிந்து பாயைத் தளர்த்தியும் இறுக்கியும், சுக்கானைத் திருப்பியும் படகின் சுமையைக் காற்றோடு சமப்படுத்திய கை அவனுடையது. தலைமுறைகளாகத் திரண்ட அவ்வறிவின் இடத்தை, ஒரே சாய்வில் வார்த்த சிறு புரொப்பெல்லர் பிடித்தது. படகு தொழிலுக்குப் போகும்போது வெறுமை. வலை இழுக்கும்போது மந்தம். மீனோடு திரும்பும்போது பாரம். இம்மூன்று நிலைகளுக்கும் ஒரே தகடு. பாயோடு வாழ்ந்த காலத்தின் கடும் உழைப்பையும் கடலில் அடங்கிய உயிர்களையும் மறந்து பழைமையைப் போற்றுவது நம் நோக்கமன்று. இயந்திரம் மீனவனின் தோளைக் காத்தது, தொலைக்கடலைத் திறந்தது. ஆயினும் அது எந்த வடிவில் வந்தது என்பதும் வினவப்பட வேண்டியதே.

ஏனெனில் பொருந்தாத் தகட்டின் விலையைச் செலுத்துபவர் யார் என்பது உற்பத்தி உறவுகளைச் சார்ந்தது. எமது கரையோரங்களில், அன்றைய மீனின் விலையிலிருந்து எரிபொருட் செலவைக் கழித்த பின்னரே படகுக்கும் வலைக்கும் தொழிலாளருக்குமாகப் பங்கு பிரிக்கும் வழக்குப் பரவலாக உண்டு. படகும் இயந்திரமும் சம்மாட்டியுடையன. ஆனால் இயந்திரம் வீணாக்கும் எரிபொருள் கூலித் தொழிலாளியின் பங்கையும் குறைக்கிறது. இயந்திரத்தைத் தெரிவு செய்யும் உரிமை அவனுக்கில்லை. அதன் குறைபாட்டிற் பங்கு மட்டும் உண்டு. போர்க்காலத்தில் வடக்கு, கிழக்குக் கடல்களில் இயந்திரங்களின் குதிரைவலுவுக்கும் கடலிற் செல்லும் எல்லைக்கும் விதிக்கப்பட்ட தடைகள் இச்சுமையை மேலும் கூட்டின. 2022 ஆகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெயின் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஒரே நாளில் உயர்ந்தபோது, மண்ணெண்ணெயில் ஓடும் வெளியிணைப்பு இயந்திரங்களையே நம்பியிருந்த சிறு மீனவர் பலர் கரையில் முடங்கினர். எரிபொருளைச் சிக்கனப்படுத்தும் நுட்பம் அவர்களுக்குச் சொகுசன்று, சோற்றுப் பிரச்சினை.

அப்படியாயின் உல்லாசக் கலத்தின் தானியங்கிப் புரொப்பெல்லரை அப்படியே எடுத்து மீனவரின் படகிற் பூட்டிவிடலாமா? இயலாது. தகடுகள் திரும்பும் பொருத்துவாய்களில் மணல் புகுந்தால் அவை விரைவிலே தேயும். எமது படகுகளோ மணற்கரையில் இழுத்து ஏற்றப்படுவன. வலைக்கயிறு சிக்கினால் திரும்பும் தகடு எளிதிற் பழுதாகும். வார்த்த சாதாரண புரொப்பெல்லரோடு ஒப்பிட அதன் விலை பன்மடங்கு. நுட்பம் ஒன்று எவருடைய வாழ்க்கைச் சூழலில் வளர்ந்ததோ அச்சூழலின் முத்திரையைத் தாங்கியே வருகிறது என்பதற்கு இது நல்ல உதாரணம். ஆழமான துறையில் மிதந்தபடி தரித்து நிற்கும் கலத்துக்காக அது பிறந்தது.

மீனவரின் கரையை முதலாகக் கொண்டு சிந்தித்த முயற்சிகளும் இல்லாமலில்லை. 1979 இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், அலைமோதும் கரைகளில் ஏறி இறங்கக்கூடிய படகுகளை ஆராய்ந்தது. இயந்திரத்தையும் புரொப்பெல்லர்த் தண்டையும் ஒரே தொகுதியாகப் பூட்டி, கரை நெருங்கும்போது புரொப்பெல்லரை மேலே உயர்த்தக்கூடிய செலுத்துமுறை அதன் பயனாகத் தோன்றியது. இங்கு மாறுவது தகட்டின் சாய்வன்று, புரொப்பெல்லரின் நிலை. ஆயினும் தேவை எங்கிருக்கிறதோ அங்கிருந்து வடிவமைப்பைத் தொடங்கினால் கருவியின் உருவமே வேறாகும் என்பதை அது காட்டுகிறது. நோர்வே மீனவரின் கைநெம்புப் புரொப்பெல்லரும் உணர்த்தும் பாடம் இதுவே.

5. மலையகத்து நீரும் லயத்து இருளும்

இனி மலைநாட்டுக்கு வருவோம். கரையோரத்து மீனவனுக்கும் தோட்டத் தொழிலாளிக்கும் பொதுவான ஒரு பொருள் நெடுங்காலம் இருந்தது: மண்ணெண்ணெய். ஒருவன் அதைக்கொண்டு படகோட்டினான். மற்றவன் அதைக்கொண்டு குப்பி விளக்கேற்றினான்.

1867 இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் ரெயிலர் தேயிலைப் பயிர்ச்செய்கையைத் தொடங்கியதன் பின், மலைச்சரிவுகளில் தொழிற்சாலைகள் எழுந்தன. தோட்ட மக்கள் அவற்றை 'ஸ்டோர்' என்றே வழங்குவர். கொழுந்தை உருட்டும் இயந்திரங்களுக்கு வலு தேவைப்பட்டது. மலையருவிகள் அருகிலேயே இருந்தன. முதலிற் நீர்ச்சில்லுகளும், பின்னர் நீர்ச்சுழலிகளும் பூட்டப்பட்டன. 20 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் பலநூறு தோட்டங்கள் தத்தம் சொந்த நீர்வலுவைக் கொண்டிருந்தன. வாய்க்கால் வெட்டி, குழாய் பதித்து, உயரத்திலிருந்து நீரை இறக்கினர். உயரம் கூடிய எமது மலைகளுக்குக் கப்லானின் திரும்பும் தகடு தேவைப்படவில்லை. 1880 இல் லெஸ்ரர் பெல்ற்றன் உரிமம் பெற்ற, கிண்ணங்கள் பதித்த சக்கரம் போன்றவையே பொருந்தின. அங்கும் சுமை மாறுதல் என்ற அதே பிரச்சினை இருந்தது. உருட்டும் இயந்திரமொன்றை நிறுத்தினால் சுழலி கட்டுமீறி ஓடும். இன்னொன்றை இணைத்தால் தளரும். தகட்டைத் திருப்புவதற்குப் பதிலாக, பாயும் நீரையே கூட்டிக் குறைத்து இதனைச் சமாளித்தனர். கவர்னர் இருந்த இடத்தில் அது செய்தது. அது பழுதுற்ற இடத்தில் வால்வினருகே நின்ற தொழிலாளியின் கை செய்தது.

ஆயின் இங்கு கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. உருளையின் தேவைக்கேற்ப நொடிக்கு நொடி தன்னைச் சரிசெய்து கொண்ட அச்சுழலி, சில நூறு யார் தொலைவிலிருந்த லயத்தின் தேவையை ஒரு சுமையாகவே அறிந்திருக்கவில்லை. ஸ்டோரில் மின்குமிழ் எரிந்த பின்னரும் பெரும்பாலான லயங்களிலே, ஒற்றைக் காம்பராவில் ஒரு குடும்பம் குப்பி விளக்கின் புகையிலே வாழ்ந்தது. நீர் போதாமையோ நுட்பம் இல்லாமையோ இதற்குக் காரணமல்ல. தொழிலாளியின் மாலைப்பொழுதும் அவன் பிள்ளையின் படிப்பும் உற்பத்திச் செலவுக் கணக்கில் இடம்பெறவில்லை என்பதே காரணம். 1948 இன் பிரசாவுரிமைச் சட்டம் அவனை அரசியற் கணக்கிலிருந்தும் நீக்கியது. வட்டகொடை மடகொம்பரைத் தோட்டத்திற் பிறந்து, 1947 இல் தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரான சி. வி. வேலுப்பிள்ளை, தம் எழுத்துக்களில் இம்மக்களின் வாழ்வைப் பதிவு செய்தார். அவ்விலக்கியத்தை முழுமையாக விளங்கிக்கொள்வதற்கு ஸ்டோரின் ஒளிக்கும் லயத்தின் இருளுக்கும் இடையேயிருந்த அந்தச் சில நூறு யாரின் பொருளாதாரத்தையும் அறிந்திருத்தல் நலம்.

நாடளாவிய நீர்மின் திட்டத்தின் முன்னோடியான பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர, 1918 இல் இலங்கைப் பொறியியற் சங்கத்தின் முன் தம் ஆய்வை வாசித்தார். லக்சபான நிலையம் 1950 இலேயே இயங்கத் தொடங்கியது. மலையகத்திற் பிறந்த மின்சாரம் கம்பி வழியே கொழும்புக்கு இறங்கிற்று. தேசிய மின்வலை தோட்டத் தொழிற்சாலைகளை எட்டியதும், பழைய சுழலிகள் படிப்படியாகக் கைவிடப்பட்டுத் துருவேறின. 2012 இல் தலவாக்கலையில் நிறைவெய்திய 150 மெகாவாற்று மேல் கொத்மலைத் திட்டமோ, மலையக மக்களின் எதிர்ப்புக்கிடையே, பல நூறு குடும்பங்களை இடம்பெயர்த்து அமைந்தது.

இவ்வரலாற்றில் நம்பிக்கை தரும் ஒரு கிளைக்கதை உண்டு. இடைநிலைத் தொழில்நுட்ப அபிவிருத்திக் குழு என்ற அமைப்பு 1980களில் இலங்கைத் தோட்டங்களின் பழைய சுழலிகளைப் புதுப்பிக்க முனைந்தபோது, விலையுயர்ந்த கவர்னருக்குப் பதிலாக 'மின்சுமைக் கட்டுப்படுத்தி' என்ற மின்னணுக் கருவியைப் பயன்படுத்தியது. அதன் தத்துவம் எளிது. சுமைக்கேற்பச் சுழலியை மாற்றுவதற்குப் பதிலாக, சுமையின் மொத்தத்தையே மாறாது வைத்திருப்பது. பயன்படாத மின்சாரத்தை உடனுக்குடன் வெப்பச்சுருளொன்றுக்குத் திருப்பிவிட்டால், சுழலிக்கு என்றும் ஒரே சுமை, வால்வைத் தொடவேண்டியதில்லை. உள்ளூர்ப் பட்டறைகளிலும் செய்யத்தக்க கருவி இது. 1990களில் இதே அனுபவம் தேசிய மின்வலை எட்டாத கிராமங்களுக்குச் சென்றது. சிற்றோடைகளில் சிறு சுழலிகளை நிறுவி, மின் நுகர்வோர் சங்கங்களாக ஒன்றுகூடிய மக்களே அவற்றை நிருவகித்தனர். தோட்டத் துரையின் ஸ்டோருக்காக வந்த நுட்பம், மக்கள் சங்கத்தின் கையில் வேறொரு நுட்பமாயிற்று. சுழலி மாறவில்லை, சுமை எது என்று தீர்மானித்தவர் மாறினர்.

6. முடிவுரை

இதுவரை நோக்கியவற்றைத் தொகுத்துக் கூறுமிடத்து, தன்னைத் தானே சரிசெய்யும் எந்த இயந்திரமும் தனக்குச் சொல்லப்பட்ட சுமையையே அறியும். உல்லாசக் கலத்தின் புரொப்பெல்லர் காற்றையும் நீரையும் அறிந்தது; மீனவனின் பங்குக் கணக்கை அறிந்ததில்லை. தோட்டத்துச் சுழலி உருளையை அறிந்தது, லயத்தை அறிந்ததில்லை. இது இயந்திரத்தின் குற்றமன்று. இயந்திரத்தைப் பகைத்தல் முற்போக்கு நோக்குமன்று. அதற்குச் சுமையைக் குறித்துக் கொடுக்கும் உரிமை யாரிடம் உள்ளது என்பதே தீர்க்கப்பட வேண்டிய வினா.

இவ்வினா நம் பல்கலைக்கழகங்களையும் நோக்கியதாகும். மணலைத் தாங்கும் எளிய திருப்புதகடு ஒன்றைச் செய்ய இயலுமா? படகின் உண்மையான தொழில் நிலைமைகளை அளந்து, அதற்கேற்ற நிலைத்தகட்டையாவது மீனவர் கூட்டுறவுச் சங்கங்கள் தெரிவுசெய்ய உதவலாமா? தோட்டங்களில் கைவிடப்பட்ட வாய்க்கால்களும் குழாய்களும் தொழிலாளர் சங்கங்களின் பொறுப்பில் மீண்டும் இயங்கலாமா? இவை பொறியியலாளருக்கு மட்டும் உரிய வினாக்களல்ல. சம்மாட்டியின் கணக்கேட்டையும் தோட்டத்தின் செலவுப் பதிவேட்டையும் சமூகவியல் நோக்கிற் படிக்கத் தெரிந்தவரும், மீனவரோடும் தோட்டத் தொழிலாளரோடும் அவர்தம் மொழியில் உரையாடத் தெரிந்தவரும் பொறியியலாளரோடு ஒருங்கே அமரவேண்டும். அவ்வாறு அமரும்போது முதலிற் கேட்கப்பட வேண்டியவர், படகில் வலை இழுப்பவரும் மலையிற் கொழுந்து பறிப்பவருமே. இயந்திரத்தின் மேல் விழும் சுமையை இறுதியில் சுமப்பவர் அவர்களாதலின், அதனை அளந்து சொல்லும் தகுதியும் அவர்களுக்கே முதலில் உரியது.